நைட் ஷிப்ட் முடித்து வரும் காருக்கு எந்த டயர்?

வந்த கடிதம், சுருக்கமாக

டொராண்டோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மதுரைப் பக்கம். கனடா வந்து நான்கு வருடம் ஆகிறது. ஸ்கார்பரோவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. இரவு ஏழு மணிக்குத் தொடங்கிக் காலை ஏழுக்கு முடிகிற ஷிப்ட். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. வீட்டில் ஒரே கார். ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகிற அமைப்பு) உள்ள சின்ன எஸ்யூவி, நான்கு வருட லீஸில் இரண்டு வருடம் போய்விட்டது. காரோடு வந்த ஆல் சீசன் டயரே இன்னும் ஓடுகிறது. போன ஆயில் மாற்றத்தின்போது அளந்து பார்த்து 5 மி.மீ. பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகளின் உயரம்) இருக்கிறது என்று சொன்னார்களாம்.

சென்ற பிப்ரவரியில் ஒரு நாள் காலை, ஷிப்ட் முடிந்து வரும்போது, 401 நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வளைவில் கார் வழுக்கியிருக்கிறது. "பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அடித்தது. ஏதோ உடைகிறது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். கார் ஓரக்கல்லில் மோதி நின்றது" என்று எழுதியிருக்கிறார். யாருக்கும் அடி இல்லை, ரிம்மில் கீறல் மட்டும். அன்றிலிருந்து பனி பெய்யும் இரவுகளில் தூக்கம் வருவதில்லையாம்.

பனிக்கால டயர் வாங்கலாம் என்று கேட்டதற்குக் கணவர், "ஆல் வீல் டிரைவ் இருக்கு, டயரில் எம் பிளஸ் எஸ் என்று போட்டிருக்கு, வேறென்ன வேணும்? நீ மெதுவா ஓட்டப் பழகு" என்றிருக்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், "முன்னால ரெண்டு மட்டும் மாத்துங்க, பாதிச் செலவு" என்கிறார். இதற்கிடையில் இன்னொன்றும் தெரியவந்திருக்கிறது: இன்சூரன்ஸ் எடுத்தபோது கணவர் "பனிக்கால டயர் உண்டு" என்று சொல்லித் தள்ளுபடி வாங்கியிருக்கிறார். டிசம்பரில் மான்ட்ரியாலில் உள்ள தம்பி வீட்டுக்குப் போக வேண்டும்; அந்த ஊர் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் எல்லையைத் தாண்டினால், பனிக்கால டயர் இல்லையென்று போலீஸ் பிடிக்குமா என்றும் ஒரு கேள்வி. கடைசியாக எழுதியிருப்பது இது: "என் பயத்துக்காக ஆயிரம் டாலர் செலவு செய்யச் சொல்வதாக வீட்டில் நினைக்கிறார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது."

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். அது பயத்துக்கான செலவு இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாக டயர் கழற்றி மாட்டுகிற ஒருவன் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் காரை யார் ஓட்டுகிறார்கள், எந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தேன். உங்கள் கணவர் காரை எடுப்பது பதினொரு மணிக்கு, பனி தள்ளும் வண்டி வந்து போய் உப்புத் தூவிய ரோட்டில். நீங்கள் எடுப்பது சாயங்காலம் ஆறு மணிக்கும் காலை ஏழு மணிக்கும். இரவெல்லாம் வெளியே நின்று விறைத்த டயரோடு, பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு. ஒரே கார்தான், ஆனால் நீங்கள் இருவரும் ஓட்டுவது இரண்டு வெவ்வேறு ரோட்டில். அவர் சொல்வது அவருடைய ரோட்டுக்குப் பொருந்தும். டயரை உங்கள் ரோட்டுக்கு வாங்க வேண்டும்.

7 டிகிரிக்குக் கீழே

பனி விழுந்தால்தான் பனிக்கால டயர் தேவை என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். பனியை விடக் குளிர்தான் இதில் முக்கியம். ஆல் சீசன் டயரின் ரப்பர், கோடை வெயிலில் உருகித் தேயாமல் இருக்கும்படி கொஞ்சம் கெட்டியாகச் செய்யப்படுவது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது இறுகத் தொடங்குகிறது. காய்ந்த தார் ரோட்டிலேயே பிடிப்பு குறையும். பனிக்கால டயரின் ரப்பரில் சிலிக்கா கலந்து, மைனஸ் இருபதிலும் வளைந்து கொடுக்கும்படி செய்திருப்பார்கள்.

ஜனவரிக் காலையில் எங்கள் கடை வாசலில் இரண்டு டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டனை நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொல்வேன். ஆல் சீசன் டயர் பழைய செருப்பின் குதிகால் மாதிரி நகத்தைத் திருப்பி அனுப்பும். பனிக்கால டயரில் நகம் பதியும். இன்னும் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய நெளிநெளிக் கீறல்கள் நிறைய இருக்கும். கட்டை ரோட்டில் அழுந்தும்போது அந்தக் கீறல்கள் விரிந்து, ஒவ்வொன்றின் விளிம்பும் ஐஸைச் சுரண்டிப் பிடிக்கும். இடையில் உள்ள அகலப் பள்ளங்களில் பனி அடைத்துக்கொள்ளும். பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும் என்பதால் அதுவும் வேண்டுமென்றே செய்த ஏற்பாடுதான்.

இதெல்லாம் நேற்று வந்த வியாபாரம் இல்லை. 1934-இலேயே பின்லாந்தில் லாரிகளுக்காகப் பனிக்கால டயர் செய்துவிட்டார்கள். ஆல் சீசன் என்ற பெயர் அமெரிக்காவில் 1977-இல் குட்இயர் கொண்டுவந்த டயரோடு பரவியது. வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிற சிரமம் வேண்டாம் என்பவர்களுக்காக வந்தது அது. கனடாவில் டயர் தொழிலில் இருப்பவர்கள் அதை "மூன்று பருவ டயர்" என்றுதான் சொல்வார்கள்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐஸ் மிகவும் வழுக்குவது மைனஸ் இருபதில் அல்ல, பூஜ்யத்தை ஒட்டித்தான். அப்போது மேலே கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் நிற்கும். அதிலும் பாலங்களும் நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வளைவுகளும் முதலில் உறையும், ஏனென்றால் பாலத்துக்கு மேலேயும் கீழேயும் குளிர்காற்று. நீங்கள் வழுக்கியது அப்படிப்பட்ட இடத்தில், அந்த மாதிரி நேரத்தில். ஓட்டத் தெரியாததால் நடந்தது என்று நினைக்காதீர்கள்.

ஆல் வீல் டிரைவ் இழுக்கும், நிறுத்தாது

உங்கள் கணவர் சொன்னதில் பாதி உண்மை. சிக்னலில் நின்று கிளம்பும்போதும், பனி மூடிய டிரைவ்வேயிலிருந்து மேலே ஏறும்போதும் ஆல் வீல் டிரைவ் அருமையாக உதவும். ஆனால் பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. நிறுத்துவதற்கும் திரும்புவதற்கும் ஆல் வீல் டிரைவ் எதையும் கூட்டித் தருவதில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே உள்ளங்கை அளவு ரப்பர்தான் ரோட்டைத் தொடுகிறது. அந்த நான்கு உள்ளங்கையும் பிடித்தால் கார் நிற்கும். சொல்லப்போனால் நன்றாகக் கிளம்புகிற கார்தான் ஏமாற்றும். ரோடு வழுக்குகிறது என்பதே பிரேக்கைத் தொடும்வரை தெரியாது. பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காகும். 30 மீட்டரில் நிற்க வேண்டியது 45 மீட்டரில் நிற்கும். அந்தப் பதினைந்து மீட்டருக்குள் முன்னால் மூன்று கார் நிற்கலாம்.

எம் பிளஸ் எஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் போல ஆயிரம் பேர் நம்புகிறார்கள். அது "சேறும் பனியும்" என்பதன் சுருக்கம். பட்டனின் பள்ளங்கள் குறிப்பிட்ட வடிவில் இருந்தால், எந்தப் பனிச் சோதனையும் இல்லாமல் கம்பெனியே போட்டுக்கொள்ளலாம். நீங்கள் தேட வேண்டிய குறி வேறு: மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்படிகம். 1999-இல் வந்தது. அழுந்திய பனியில் ஓட்டிப் பார்த்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். அதிலும் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தச் சோதனை பனியில் இழுக்கிற சக்தியைத்தான் அளக்கிறது. ஐஸில் பிரேக் எப்படி என்பதை அது சொல்லாது.

மாமனார் சொன்ன யோசனையை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். நம் ஊரில் தேய்ந்த இரண்டை மட்டும் மாற்றுவது வழக்கம், அந்த அனுபவத்தில் சொல்கிறார். இங்கே முன்னால் மட்டும் பனிக்கால டயர் போட்டால், முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக் போட்ட நொடியில் பின்பக்கம் முன்னுக்கு வரப் பார்க்கும், கார் சுழலும். இரண்டு மட்டும் போடுவதைவிட நான்கும் பழையதாகவே இருப்பது மேல். போட்டால் நான்கும், ஒரே ரகமாக.

இன்சூரன்ஸை முதலில் சரிசெய்யுங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இந்த விஷயம்தான். நீங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பனிக்கால டயர் கட்டாயம் இல்லை. போடாமல் ஓட்டுவது குற்றமும் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல், போட்டவர்களுக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இங்கே சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் ஐந்து சதவீதம் வரை. நீங்கள் கட்டுவது வருடம் 2,400 டாலர் என்று எழுதியிருக்கிறீர்கள்; ஐந்து சதவீதம் என்றால் 120 டாலர். அந்தத் தொகைக்காக இல்லாத டயரை இருப்பதாகச் சொன்னது பாலிசியில் தவறான தகவல். நாளை பெரிய விபத்து நடந்து, அவர்கள் காரைப் பார்க்க வந்தால், அந்தப் பொய் உங்கள் பக்கம் பேசாது.

உங்கள் கணவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் நினைக்கவில்லை. எம் பிளஸ் எஸ் என்றால் பனிக்கால டயர்தான் என்று நம்பியிருப்பார். அதையே புரோக்கரிடம் சொல்லுங்கள்: "தவறாகப் புரிந்துகொண்டோம், இப்போது இருப்பது ஆல் சீசன், புதிதாகப் போட்டதும் ரசீது அனுப்புகிறோம்." தள்ளுபடித் தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னால் கட்டிவிடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை டயர் காரில் இருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

"பனி வழுக்கிவிட்டது, நான் என்ன செய்வேன்" என்று சொல்லலாம் என்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒன்டாரியோவில் யார் மேல் தவறு என்று இன்சூரன்ஸ் தீர்மானிக்கும் விதிகளில் வானிலையும் ரோட்டு நிலையும் கணக்கில் வராது. வழுக்கிப் போய் முன்னால் நிற்கும் கார் மேல் இடித்தால் தவறு பின்னால் வந்தவர் மேல்தான். அதனால் பிரீமியம் ஏறுகிற ஏற்றத்தோடு பார்த்தால் நான்கு டயரின் விலை சின்னது.

கியூபெக் பற்றிய பயம் வேண்டாம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம் என்ற சட்டம் அங்கே பதிவான கார்களுக்கு. மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். ஒன்டாரியோ நம்பர் பிளேட்டோடு விருந்துக்குப் போகிற உங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் தம்பி வீடு ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். டிசம்பரில் கிங்ஸ்டன் தாண்டும்போது ஏரியிலிருந்து எழும்பும் பனி எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போலீஸ் பிடிக்காது என்பதற்காக இந்த டயரோடு அந்தப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டாம்.

சரி, எதை வாங்குவது?

உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. இருக்கிற ஆல் சீசனிலேயே ஓட்டுவது ஒன்று. உங்கள் டயரில் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது, சட்டப்படி 1.5 மி.மீ. போதும். ஆனால் பனியில் 4 மி.மீ.க்குக் கீழே போன டயரை நம்ப முடியாது, அது பனிக்கால டயராகவே இருந்தாலும். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நீங்கள் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள்.

இரண்டாவது, ஆல் வெதர் டயர். பெயர் ஆல் சீசனைப் போலவே இருப்பதால் எல்லாரும் குழம்புகிறார்கள். ஆல் வெதரில் அந்த மலைக் குறி இருக்கும், வருடம் முழுவதும் மாற்றாமல் ஓட்டலாம். டொராண்டோ நகருக்குள் வசித்து, பனி கொட்டுகிற நாளில் காரை எடுக்காமல் ரயிலில் போய்விட முடிகிறவருக்கு நான் மனதாரச் சொல்வது இதைத்தான். உங்கள் கணவர் மட்டும் ஓட்டுகிற காராக இருந்தால் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் வார்டில் நோயாளிகள் காத்திருக்க, பனி என்று நீங்கள் லீவு போட முடியாது. ஆல் வெதர் ஐஸில் நல்ல பனிக்கால டயர் அளவுக்கு நிற்காது. தவிர உங்கள் கார் லீஸ். ஆல் வெதர் போட்டாலும், கழற்றிய பழைய டயரை இரண்டு வருடம் எங்காவது வைத்திருந்து, திருப்பிக் கொடுக்கும்போது மாட்டித்தான் கொடுக்க வேண்டும். மாற்றுகிற, வைக்கிற தொல்லை மிச்சம் என்ற ஒரே லாபமும் உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது.

அதனால் என் சிபாரிசு மூன்றாவது: தனி ரிம்மில் நான்கு பனிக்கால டயர். பெயர் பெற்ற கம்பெனியின் நான்கு டயர் இந்த அளவு காருக்கு ஏறத்தாழ 700 முதல் 1,100 டாலர் வரை ஆகும், ரிம் தனி. அலாய் வேண்டாம், இரும்பு ரிம் போதும். உப்பில் ஓடுகிற சக்கரத்துக்கு அழகு எதற்கு? டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் டயர் அளவு இருக்கும். உங்கள் மாடலுக்கு ஒரு இஞ்ச் சிறிய ரிம் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் டயர் விலை குறையும், அகலம் குறைந்த டயர் பனியை வெட்டிக்கொண்டு போவதும் நல்லது. ரிம்மில் காற்றழுத்த சென்சார் இல்லாவிட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கனடாவில் அது சட்ட மீறல் இல்லை, ஆனால் காற்றை நீங்களே அளக்க வேண்டும்.

வீட்டில் கணக்காகச் சொல்ல வேண்டுமென்றால் இப்படிச் சொல்லுங்கள். இது இருக்கிற டயர் மேல் இன்னொரு டயர் செலவு இல்லை. பனிக்கால டயர் ஓடுகிற மாதங்களில் லீஸ் டயர் கராஜில் தேயாமல் கிடக்கும். அதைத் தேய்த்துக் கொடுத்தால் லீஸ் முடியும்போது அவர்கள் பணம் கேட்பார்கள். இப்போது அந்தச் செலவு வராது. தள்ளுபடியும் நேர்மையாகக் கிடைக்கும். லீஸ் முடிந்தாலும் டயரும் ரிம்மும் உங்களுடையது. அடுத்த காருக்குப் பொருந்தினால் அதில் மாட்டலாம், இல்லாவிட்டால் விற்கலாம்.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 3223 என்றால் 2023-ஆம் வருடம் 32-வது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் போயிருக்கும், அப்புறம் வாங்கியதற்கே அர்த்தம் இல்லை.

முதல் பனி விழுகிற அன்று எங்கள் கடை வாசலில் வரிசை ரோடுவரை நிற்கும். அக்டோபர் நன்றிநாள் விடுமுறை வாரத்திலேயே போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள். ஏப்ரல் பாதிக்கு மேல், காலைக் குளிரும் ஏழு டிகிரிக்கு மேலே நிலைத்த பிறகு கழற்றுங்கள். மாற்றச் சோம்பல்பட்டு வருடம் முழுவதும் அதையே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் மெழுகு போலத் தேய்ந்துவிடும், பிரேக் தூரமும் கூடும். மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை, ஓட்டுவதற்கு முன்னால், காற்றை அளந்துவிடுங்கள். 20 டிகிரியில் அடைத்த காற்று மைனஸ் 15-இல் ஏறத்தாழ ஆறு பிஎஸ்ஐ குறைந்திருக்கும். பனியில் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பெடல். காலுக்கடியில் தடதடவென்று அடித்ததே, அது எதுவும் உடைந்த சத்தம் இல்லை. ஏபிஎஸ் வேலை செய்த சத்தம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒரு நொடிக்குள் பல முறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அப்போது காலை எடுக்கக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புது டயர் மாட்டிய பிறகு, பனி பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விளக்குக் கம்பமும் வண்டியும் இல்லாத காலியான பார்க்கிங் இடத்துக்குப் போங்கள். கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், பிரேக்கை முழுப் பலத்தோடு மிதியுங்கள். பெடல் அடிக்கும். அடிக்கட்டும். கண்ணைப் போக வேண்டிய பக்கம் வைத்து, கார் நிற்கும்வரை காலை அப்படியே அழுத்தி வையுங்கள். பத்து முறை செய்துவிட்டு, அடுத்த பத்தை அவரை ஓட்டச் சொல்லுங்கள்.